இடக்கையால் நீட்டிய விசிறி

பலெர்மோ
24.11.1996

அன்புள்ள மகன் தனேசுக்கு,

அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் அம்மாவும் நானும் நலம். உன் நலத்தையும் இந்த வரியிலேயே கேட்பதுதான் வழக்கம், இம்முறை அதைக் கடைசியில் கேட்கிறேன், பொறுமையாக வாசி. இங்கே மழை தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் ஈரம், காயப்போட்ட உடுப்பு காய்கிறதில்லை. அம்மா முழங்கால் நோவோடு சின்யோரா வீட்டு வேலைக்குப் போய் வருகிறார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறிச் சாந்தா ரொசாலியா மாதாவிடமும் போகிறார், உனக்காகத்தான். எங்கள் விசா, அந்தப் பெர்மெஸ்ஸோ, இன்னும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடக்கிறது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டு அசைய முடியாது. அது வந்திருந்தால் நானே கொரியாவுக்கு வந்து உன்னை நேரில் பார்த்திருப்பேன்.

குகனேஸ்வரி மாமி அவுஸ்திரேலியாவிலிருந்து வரும் வழியில் உன்னிடம் இறங்கி நாலு நாள் நின்றுவிட்டு இங்கே வந்து, போன திங்கள்தான் திரும்பிப் போனார். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலால் இறங்கினவர், வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்ற முன்னமே படங்களை எடுத்து மேசையில் பரப்பிவிட்டார். என் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும், ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்கிறவர், ஆனால் உன் ஜொன்ஜு நகரத்தைப் பற்றிச் சொன்னபோது உண்மையாகவே பிரமித்துப் போயிருந்தார். வாகனங்களுக்கு நடுவே பழைய கோட்டை வாசல் ஒன்று கல்லும் மரமுமாக நிற்பதையும், பழைய காலத்து ராசாவின் படத்தை வைத்துக் கும்பிடுகிற மண்டபத்தையும், அந்த முற்றத்து மரங்கள் மஞ்சளாகக் கொட்டுவதையும் சொன்னார். ஓட்டு வீடுகளில் நிலத்துக்குக் கீழே சூடு விடுகிறார்களாம், காலை வைத்ததும் குளிர் பறந்ததாம். முசுக்கொட்டைப் பட்டையில் கடதாசி செய்வதைக் காட்டினாயாம். ஒரு பொம்பிளை ஒற்றை மேளத்தோடு நின்று பாடினதைக் கேட்டு, எங்கடை ஒப்பாரி போலை கிடந்தது, எனக்குக் கண்ணீர் வந்திட்டுது என்றார். அம்மாவுக்கு ஒரே பெருமை. பிள்ளை வெளிச்சிருக்கிறான், கோட்டுப் போட்டு எவ்வளவு வடிவாய் நிக்கிறான் எண்டு பாருங்கோ என்று படங்களை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா முறைப்பாட்டை எடுத்தார். விடைபெறும்போது அம்மாவுக்கென்று ஒரு விசிறி வாங்கிக் கொடுத்தாயாம், அதை இடக்கையால் நீட்டினாயாம். அங்கை கடைக்காரப் பொம்பிளை மிச்சக் காசைக் கூட ரெண்டு கையாலையும் குனிஞ்சு தாறாள், எங்கடை பொடியன் பெரிய மனுசிக்கு இடக்கையாலை நீட்டுறான், கையை மாத்தித் தா எண்டு ஏசினன், சிரிச்சுக்கொண்டு நிக்கிறான் என்றார். சோற்றுக் கோப்பையில் மரக்கறி எல்லாம் போட்டுக் குழைத்துச் சாப்பிடும்போதும் கரண்டியை இடக்கையில்தான் பிடித்தாயாம். எனக்கு ஏறிவிட்டது. அக்காவுக்கு முன்னால் தலை குனிந்து இருந்தேன். உனக்கு நாலு வார்த்தை காரமாக எழுதத்தான் இருந்தேன், அம்மா கூட, எழுதுங்கோ, ஆனால் கனக்க ஏசிப்போடாதேங்கோ, தனியக் கிடக்கிற பிள்ளை என்றார். எழுதாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

நான் சட்டி கழுவுகிற ஸ்ஃபெர்ராகவால்லோ சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிற தொத்தோ என்று ஒருவன் இருக்கிறான். முன்பு படகில் வேலை செய்தபோது கயிறு இழுக்கிற மெசினில் அகப்பட்டு இரண்டு விரல் போனவன். நேற்று வெளியூர்ச் சனம் கொஞ்சப்பேர் வந்து அவனையும் பெரிய மீனையும் சேர்த்துப் படம் எடுக்கக் கேட்டார்கள். அவர்கள் கமெராவைத் தூக்க முன்னமே அவன் கை ஏப்ரன் பைக்குள் போய்விட்டது, முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாயைப் பூட்டாமல் நின்றுவிட்டேன், முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மா குசினியில் நிற்கும்போது, படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். கோட்டை வாசலில் உன் வலக்கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது. ராசா மண்டபத்தில் முதுகுக்குப் பின்னால். மஞ்சள் மரத்தடியில் மாமியின் தோளுக்குப் பின்னால். சாப்பாட்டு மேசையில் மேசைக்குக் கீழே. ஒரு படத்திலாவது இருக்குமென்று தேடினேன், இல்லை. மாமி நீ வேலை செய்கிற பக்டரியையும் அறையையும் பார்க்கக் கேட்டபோது, அங்கை பாக்க என்ன கிடக்கு மாமி, வாங்கோ என்று கதையை மாற்றி ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு திரிந்தாயாமே. ஊர் முழுக்கக் காட்டினாய், உன் கையை மட்டும் காட்டவில்லை. ஆடி மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதம் இல்லை, ரெலிபோன் கோல் மட்டும்தான். மெசினிலை நிண்டு கை உளையுது அப்பா, எழுத ஏலாமல் கிடக்கு என்றாய். நீ சொன்னதில் பொய் இல்லை, எனக்குத்தான் விளங்கவில்லை.

என் கணக்குப் பிழையாக இருக்கட்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிடுகிறேன். பிழையில்லை என்றால் இதைக் கேள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. விளங்காத மொழியில் எந்தக் கடதாசியை நீட்டினாலும் ஒப்பம் வைக்காதே. மாமிக்குக் காட்டின அந்தச் செங்கல் கத்தோலிக்கக் கோயிலில் வெளிநாட்டுப் பொடியளுக்கு உதவி செய்கிற ஒரு சுவாமி இருக்கிறார் என்று நீயே சொன்னாயாம், அவரிடம் போ, நாங்கள் சைவம் என்று யோசிக்காதே. குளிருக்குக் கையைப் பொத்தி வை. வரவேண்டுமென்றால் வா, இருக்கிற ஒரு அறையில் மூன்று பேரும் இருப்போம். எனக்கு உன்னில் கோபமில்லை, தனியே அனுபவித்தாயே என்று நெஞ்சுதான் எரிகிறது.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீ அனுப்பின விசிறியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இடக்கைப் பழக்கத்தை விடச் சொல்லி எழுதினீங்களோ என்று இப்போதும் கேட்டுவிட்டுத்தான் போகிறார், ஓம் என்றேன். மாமிக்கும் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவருக்கு நான் எழுதுகிறேன்.

இப்போது உன் நலத்தைக் கேட்கிறேன். உனக்கு ஏடு தொடக்கினபோது என் மடியில் இருத்தி, உன் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்துத் தட்டில் பரப்பின அரிசியில் அனா எழுதுவித்தேன். நீ அழுதழுது எழுதினாய், நான் விடவில்லை. அந்த விரல் இருக்கிறதா, மகன்? கோல் எடுக்காதே, அம்மா பக்கத்தில் நிற்பார். இடக்கையால் எழுது, எழுத்துக் கோணினாலும் பரவாயில்லை, அனா ஒன்று மட்டும் எழுதி அனுப்பினாலும் நான் வாசிப்பேன்.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்க ஆசீர்வதிக்கும்,
உன் அப்பா,
ச. ஆனந்தராசா