ஆசிரியர் காலமான வாரம்

சிவமயம்
ஓசூர், 12-7-54

நம் பத்திரிகையிலேயே காலமாகி, கெலமங்கலம் வெல்லமண்டியில் சௌக்கியமாக இருக்கும் எஜமானருக்கு,

நேற்று உங்கள் சாவுக்கு வந்திருந்தவர்கள்: எதிர்வீட்டு மாதம்மாள், உங்கள் சித்தப்பா நாராயணப்பன், பத்திரிகை ஏஜெண்டு அக்பர் பாஷா, அச்சுக் கோர்க்கிற திம்மராயன், மேளக்காரர் இருவர். பிணம் மட்டும் வரவில்லை. காப்பித்தூளும் பாலும் உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை இதழில் 'கரியப்பன் ஆவி வாக்கு' பகுதியில் உங்கள் மரணத்தைப் பார்த்ததும் செருப்புகூடப் போடாமல் பஸ் ஏறினீர்களாம். கண்டக்டர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே இதழில் கன்னடப் பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரத்தில் குணமானதாகச் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்திருந்தாலாவது உயிர் வந்திருக்கும். நம் அச்சாபீசில் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே கரியப்பன் சொந்தமாக ஒரு வார்த்தை சொன்னவரில்லை. செத்த பிறகு அவர் பெயரில் ஆவி வாக்கு எழுதுவது நீங்கள்தானே. நீங்கள் செய்த பேய்க்கு நீங்களே பயப்படுகிறீர்கள்.

மாதம்மாள் என் குங்குமத்தை அழிக்கக் கை நீட்டினாள். "என் புருஷன் சாகலை, பயந்து ஓடியிருக்கார்" என்றேன். அதற்கும் சேர்த்து அழுதாள். வந்து முகத்தைக் காட்டுங்கள்.

சரோஜம்மாள்

கெலமங்கலம், 13-7-54

சௌ. சரோஜாவுக்கு ஆசீர்வாதம்.

நக்கல் வேண்டாம். மற்ற வாரமெல்லாம் நான் எழுதினேன். இந்த வாரம் எழுதவில்லை. ஆவியைத் தவிர யார்?

ஆனாலும் இதழ் முழுவதும் விற்றுப்போனதாம். அடுத்த வாரம் இரண்டு பங்கு வேண்டுமென்று அக்பர் பாஷா இங்கேயே வந்து கேட்டார். எனவே கருமாதி வரை செத்தே இருக்க உத்தேசம். வெளியே போகும்போது மட்டும் குங்குமத்தை அழித்துக்கொள். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணையில்லை. செருப்பும் மூக்குப்பொடியும் கொடுத்தனுப்பு.

சென்னகிருஷ்ணன்

சிவமயம்
ஓசூர், 15-7-54

எஜமானருக்கு,

உங்கள் ஆவி பர்கூரில் இருக்கிறது. பெயர் சென்னம்மாள், உங்கள் கூடப்பிறந்த அக்காள். போன வாரம் அவர் வீட்டு வாசலில் காக்கை உங்கள் தலையில் அடித்ததை என்னிடம் சொன்னீர்களா? காக்கை தலையில் அடித்தால் சாவு என்பார்கள்; அந்தத் தோஷம் கழிய, நீங்கள் இறந்ததாக எனக்குப் பொய்க் கார்டு போட்டிருக்கிறார், நான் அழவேண்டும் என்று. அது அச்சாபீசுக்குப் போய்விட்டது. சாவுச் செய்தி எது வந்தாலும் ஆவி சொன்னதாகப் போடு என்று திம்மராயனுக்கு உத்தரவு போட்டவர் நீங்கள். முதலாளி எதிரிலேயே நிற்கிறாரே, யோசிக்க வேண்டாமா என்று கேட்டேன். "யோசிச்சா திட்டுவாருங்கம்மா" என்றான். "பொய்தான், அழுதது போதும்" என்று அக்காளின் இரண்டாவது கார்டு இன்று வந்தது. நான் அழவே இல்லை.

உங்கள் ஆட்சேபணையைக் கேட்டு நான் குங்குமம் வைக்கிறதில்லை. நேற்று பெரிதாக வைத்துக்கொண்டு சந்திரசூடேசுவரர் மலைக்குப் போய்வந்தேன். கடைத்தெருவே நின்று பார்த்தது. மாதம்மாள் இப்போது என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நீங்கள் அங்கே வெல்லம் தின்கிறீர்கள்.

'ஆசிரியர் உயிரோடிருக்கிறார், ஆவி வாக்கு அவர் கட்டிய பொய்' என்று கோர்த்து வைத்தாயிற்று. உங்கள் கையெழுத்து வந்தால்தான் இதழ் அச்சேறும். வராவிட்டால் கருமாதியை நானே குறைவில்லாமல் நடத்துகிறேன். குங்குமம் மட்டும் அழியாது. அது இனி அம்பாளுக்காக, உங்களுக்காக அல்ல.

செருப்பு அனுப்பவில்லை. போனபடியே வரலாம்.

சீக்கிரம் பதில் போடவும்.

சரோஜம்மாள்