லிம்பெரின் ஜிம்பல்

மார்ச் 5, ஞாயிறு

காலையில் வண்டிக்குக் கிளட்ச் கேபிள் மாற்றினேன். இனி ஏற்றத்தில் மினிபஸ் முனகாது. என் இடது முழங்கால்தான் முனகும். அதற்குக் கேபிள் விற்பதில்லை.

மாலையில் ஜூன் பெருவிழா ஊர்வலத்துக்கு இந்த வருடத்தின் முதல் ஒத்திகை. போன வருடம்வரை நானும் மொரெனாதா நடன வரிசையில் என் மார்லேனிக்குப் பக்கத்தில் ஆடியவன். இப்போது நடைபாதையில் நிற்கிறேன். பெண்டாட்டி ஆடுகிறாள், நான் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். நல்ல பிழைப்பு.

எங்கள் ஆட்டக் கூட்டத்துக்குப் படம் எடுக்கிற லிம்பெர் புதிதாக ஒரு ஜிம்பல் வாங்கி வந்திருந்தான். ஒரு கைப்பிடி, அதன் நுனியில் போனைக் கவ்விக்கொள்ளும் வளைந்த கரம், உள்ளே குட்டி மோட்டார்கள். பிடித்திருப்பவன் கை எப்படிக் குலுங்கினாலும் போன் குலுங்காதாம். புதுப் பொருளுக்குச் செய்கிற வழக்கப்படி முதலில் அதன்மேல் பீர் தெளித்தான், தரையில் பூமித்தாய்க்கும் கொஞ்சம் ஊற்றினான். பிறகு முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைத்து, ஆடுகிறவர்களைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் போனான். என் தோள் உயரம்கூட இல்லாத பயல். வாத்து நடக்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 7

சிரித்த வாயை மூடிக்கொண்டேன்.

ஒத்திகைப் படத்தை லிம்பெர் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். போன வருடப் படங்களில் யார் முகமும் நிற்காது. குண்டு குழியில் போகும்போது வண்டிக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் குதிக்கும். இதில் மார்லேனி மிதக்கிறாள். பாவாடை சுழல்வது, காதணி அசைவது, மேலுதட்டு வியர்வை, எல்லாம் தெரிகிறது. கூட்டத்தில் வேறு பெண்களே இல்லையா? முன்வரிசை ஓரத்தில் ஆடுகிறவள் என்பதால் அவள்தான் படத்தில் முதலில் விழுகிறாள் என்கிறான் லிம்பெர். யார் கேட்டார்கள் உன் விளக்கத்தை.

கீழே புவெனோஸ் ஐரெஸிலிருந்து எவனோ எழுதியிருக்கிறான்: “ஓரத்துல ஆடுற அம்மணி யாரு, கண்ணெடுக்க முடியலையே!” அதை மார்லேனி எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டுச் சிரித்தாள். பாத்திரம் கழுவும்போதும் போனைக் குழாய்மேல் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிறு எரிகிறது. எழுதியாகிவிட்டது. யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 19, ஞாயிறு

இன்று கல் பாவிய சரிவுத் தெருவில் ஒத்திகை. பின்பக்கமாக நடந்த லிம்பெர் சாக்கடை மூடியில் குதிகால் தட்டி மல்லாந்திருப்பான், யாரோ பிடித்தார்கள். இடைவேளையில் என்னிடம் வந்தான்.

“அண்ணே, பின்னாலருந்து என் பெல்ட்டப் பிடிச்சுத் திருப்பிவிட ஒரு ஆள் வேணும். நீங்க சும்மாதானே நிக்கிறீங்க?”

சும்மாதானே நிற்கிறேனாம்! அவன் என் பெண்டாட்டியைப் படம் பிடிப்பான், நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உடனே மூளை வேலை செய்தது. ஹெனாரோவைக் கூப்பிட்டேன்.

ஹெனாரோ வெளியூரில் இருக்கிற எங்கள் மகனுக்கு ஞானத்தகப்பன், எனக்குக் கொம்பாத்ரே. என்னுடைய தடத்திலேயே மினிபஸ் ஓட்டுகிறான். வண்டிக்குள் நிமிர்ந்தால் கூரை இடிக்கும் உயரம். மனைவி ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், பெல்ட்டை நீ பிடி, அப்படியே லிம்பெர்மேல் ஒரு கண் வை, மார்லேனியிடம் என்ன பேசுகிறான், எப்படிப் பார்க்கிறான், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். முதலில் தயங்கினான். நான்தான் விடவில்லை.

நல்ல ஏற்பாடு. இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நிம்மதி போயிற்று. புதுப் படத்தில் மார்லேனி சிரிக்கிறாள்.

ஆடுகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், அது தெருவுக்கான சிரிப்பு. இது அதில்லை. வாய் கொஞ்சம்தான் திறக்கிறது, கண் முதலில் சிரித்துவிடுகிறது. இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். நாங்கள் இருவரும் ஒன்றாக ஆடத் தொடங்கிய வருடம். என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு பார்த்த ஞாபகமில்லை. அந்த வாத்தைப் பார்த்தா சிரிக்கிறாள்?

ஹெனாரோவிடம் கேட்டேன். “ஒண்ணும் இல்ல கொம்பாத்ரே. நான் அவன் முதுகுலயே ஒட்டிட்டுப் போறேன்ல” என்றான். எனக்காக எவ்வளவு சிரமப்படுகிறான்.

ஏப்ரல் 10

புதுக் காதணி போட்டிருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 18

எலெக்ட்ரானிக்ஸ் தெருவுக்குப் போய் நானும் ஒரு ஜிம்பல் வாங்கிவிட்டேன். ஆமாம், வாங்கிவிட்டேன். அவனால் முடியும் என்றால் என்னால் முடியாதா?

முதலில் போனைச் சரியாக நடுவில் வைக்கவில்லை போல. சாதனம் வண்டு மாதிரி ரீங்காரமிட்டு, தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. கடைக்காரப் பெண் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தச் சொல்லியிருந்தாள். நகர்த்தினேன், நின்றது. தாழ்வாரத்தில் முழங்காலை மடக்கி நடந்து பழகினேன். வலி உயிர் போயிற்று. மார்லேனி வந்து பார்த்துவிட்டு, “என்ன, கோழி பிடிக்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சூப் வைக்கும்போது அவளைச் சுற்றிவந்து எடுத்தேன். என்னைப் பார் என்றேன், பார்த்தாள். சிரி என்றேன். “உப்பு பாக்கணும், தள்ளு” என்றாள்.

பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். படம் கொஞ்சம்கூட ஆடவில்லை. குற்றமே சொல்ல முடியாது. முகம் அப்படியே நிற்கிறது. அதில் ஒன்றும் இல்லை. குலுங்குகிற படமாக இருந்திருந்தால் ஏதோ இருந்தது என்றாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

மே 7, ஞாயிறு

இன்று சந்தோஷம். லிம்பெர் விழுந்தான்! திருப்பத்தில் சோளக்கஞ்சி விற்கிறவளின் பெஞ்சில் இடித்து, ஊதாக் கஞ்சி ஒரு பானை முழுக்க அவன் கால்சட்டையில். ஜிம்பலை மட்டும் தலைக்குமேல் தூக்கிக் காப்பாற்றிவிட்டான். பாவமாகவே இல்லை.

எழுந்து நேராக என்னிடம் வந்தான். “அண்ணே, உங்க ஆளு தெருவையே பாக்க மாட்டேங்கிறாரு. வேற யாராவது வந்தா நல்லாருக்கும்” என்றான்.

உனக்கு நடக்கத் தெரியாததற்கு என் கொம்பாத்ரேயைக் குறை சொல்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். ஹெனாரோ காது சிவந்து நின்றான். எனக்குப் புரிந்தது. கண்காணிக்க ஆள் இருப்பது லிம்பெருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் அவனைக் கழற்றிவிடப் பார்க்கிறான். கள்ளன்.

மார்லேனி வரும்வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கஞ்சிக்காரிக்காக வருத்தமாம்.

மே 21

மறுபடி அதே சிரிப்பு. போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, தவணை முடியவில்லை.

ஜூன் 3, சனி. பெருவிழா

காலையிலேயே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். எங்கள் கூட்டம் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எல்லோரும் ஒரே நிறப் பாவாடை, ஒரே சால்வை, ஒரே தொப்பி. ஆனாலும் தூரத்திலேயே அவளைக் கண்டுகொண்டேன். கையசைத்தேன். பார்க்கவில்லை. அவள் எதிரில் லிம்பெர், ஜிம்பலோடு, பின்பக்கமாக. அந்தச் சிரிப்பு.

லிம்பெரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து, காது, முடி வெட்டியிருக்கிற லட்சணம். இதில் என்ன இருக்கிறது என்று சிரிக்கிறாள்? ஹெனாரோ அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தடுமாறிக்கொண்டு வந்தான். வியர்த்துக் கொட்டியது. நான்தான் எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன்.

ஜூன் 6

கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று பெருவிழாப் படத்தை டிவியில் போட்டேன். மார்லேனி சந்தைக்குப் போயிருந்தாள்.

சிரிப்பு வரும் இடத்தில் நிறுத்தினேன். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும் என்று டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதாவது, லென்ஸைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே எங்கோ பார்க்கிறாள். பின்னால் ஓடவிட்டு மறுபடி நிறுத்தினேன். மேலேதான்.

லிம்பெர் குள்ளன். அவனைப் பார்ப்பதானால் அவள் கண் இறங்கித்தானே ஆக வேண்டும்?

அப்புறம் பழைய படங்களைப் போட்டேன். முதல் ஒத்திகையில் கீழே பார்க்கிறாள், பக்கத்தில் பார்க்கிறாள், பொதுவாகச் சிரிக்கிறாள். பெல்ட் பிடிக்க ஆள் வந்த பிறகு, மேலே. கஞ்சி கொட்டிய படத்திலும் அப்படித்தான். கண் மேலே போகிறது, சிரிப்பு வருகிறது, உடனே படம் தூக்கிப் போடுகிறது. எந்த மோட்டாராலும் தாங்க முடியாத குலுக்கல். தெருவைப் பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயோ. அவனா. என் கையால் கொண்டுபோய் நிறுத்தினேனே. தண்ணீர் வேறு கொடுத்தேனே!

ஜூன் 7

கத்த வேண்டும் என்றிருந்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளிடம், “நீ லென்ஸப் பாக்கல” என்று மட்டும் சொன்னேன்.

எந்த லென்ஸ் என்று அவள் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

“இல்ல” என்றாள்.

“எப்பருந்து?”

“நீ அவரக் கொண்டுவந்து நிறுத்தினதுலருந்து.” முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தோம், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல. நம்பினா நம்பு. அந்த மனுஷன் விழுந்தாலும் பரவால்லன்னு என் ஆட்டத்தப் பாத்துட்டே வந்தாரு. நீ என் பையப் பிடிச்சிட்டு லிம்பெரையே பாத்துட்டு நின்ன. நான் ஆடுறத இந்த வருஷம் நீ ஒரு தடவ பாத்தியா?”

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஹெனாரோவோடு வேறு ஏதாவது நடந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இதற்கு யார் சட்டையைப் பிடிப்பது?

ஜூன் 11, ஞாயிறு

மூன்று தட்டு எடுத்து வைத்தவள், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

ஜூன் 25

ஹெனாரோ வண்டியை விற்றுவிட்டு சாந்தா க்ரூஸ் நகரத்துக்குப் போய்விட்டதாக ஓட்டுநர் சங்கத்தில் சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என்னவென்று சொல்லுவான். எரிச்சல் அடங்கும் என்று நினைத்தேன். அங்கே உட்கார்ந்து அவன் அந்தப் படங்களைப் பார்ப்பான் இல்லையா? ஃபேஸ்புக்கில்தானே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவனுக்கு மட்டும்தான் தெரியும், அந்தச் சிரிப்பு யாருக்கு என்று.

லிம்பெரைப் பார்க்கப் போனேன். அவனிடம் மன்னிப்பு கேட்பதற்கு என் நாக்கு புரளவில்லை. அவனே சொன்னான்: “விழுந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்ணே. நீங்க சண்டைக்கு வந்துட்டீங்க.” அப்புறம், அடுத்த மாதம் கார்மென் மாதா திருநாள் ஊர்வலத்துக்குப் பெல்ட் பிடிக்க ஆளில்லை என்றான்.

ஜூலை 16, ஞாயிறு

பிடித்தேன். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, லிம்பெரின் பெல்ட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்தேன். தெருவையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். ஹெனாரோவுக்கு வராத வித்தை எனக்கு வந்தது. குழி வந்தால் இழுத்தேன், பெஞ்சு வந்தால் திருப்பினேன். மற்ற நேரமெல்லாம் அவளைத்தான் பார்த்தேன். இவ்வளவு நன்றாக ஆடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, மறந்துபோயிருந்தது.

முடிந்ததும் லிம்பெர் போனைத் திறந்து காட்டினான். இந்த வருடத்திலேயே சுத்தமாக வந்த படம் இதுதானாம், ஒரு குலுக்கல்கூட இல்லையாம். மார்லேனியிடம் நீட்டினேன். அப்புறம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றப் போனாள்.

நான் பார்த்தேன். பாவாடை, தோள், காதணி எல்லாம் துல்லியம். அவள் கண் நேராக லென்ஸில் இருந்தது. தெரு முடியும்வரை ஒரு விரற்கடைகூட மேலே ஏறவில்லை.