இரண்டு என்று எழுதியவர்கள்

அன்புள்ள டாம்சினுக்கு,

குளிரைத் தவிர எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த மறையாத நார்வே வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஜன்னலைக் கம்பளியால் மூடிக்கொண்டாவது நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய்க் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியின் மேல் ஊற்றினேன். உங்கப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இந்நேரத்துக்கு எங்கே கிளம்பிட்டே, ரொட்டிக்கடைகூடத் திறந்திருக்காதே" என்று கத்தினார். லிண்ட்சே கெட்டில்வெல் வீட்டுக்கு என்றேன். அதோடு ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் கொஞ்ச நாளாக ஊர் முழுக்க அதே பேச்சுதான்.

லிண்ட்சே கவுன்சிலிலிருந்து விலகிவிட்டார். இதய அறுவைக்குப் பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், கத்தவேண்டும் என்று தோன்றினால் உங்கள் ஆப்பிள் மரங்களிடம் கத்துங்கள், கூட்டத்தில் வேண்டாம் என்று. நடுவில் ஒருவர் விலகினால் நம் டாஸ்மேனியாவில் அதற்காக மறுபடி தேர்தல் வைப்பதில்லை, உனக்கு நினைவிருக்கும். சீட்டில் பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண் போடுகிறோமே, அவரை ஜெயிக்கவைத்த அதே வாக்குச் சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அவர் பெயரைத் தாண்டி அடுத்த எண்ணை யாருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அன்று தோற்றவர்களில் யார் 'நான் தயார்' என்று வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கிறார்களோ அவர்களுக்குள்தான் அந்த எண்ணிக்கை. தோற்றவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி. போன எண்ணிக்கையின்போது எண்ணும் மேசையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் எல்லோரும், லிண்ட்சேக்கு ஒன்று போட்ட சீட்டுகளில் இரண்டு எனக்குத்தான் நிறைய இருந்தது என்கிறார்கள். ரொட்டிக்கடை ஓல்வென் இப்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்ன கவுன்சிலரம்மா, இன்னிக்கும் அதே சிப்பிக்கறி வச்ச ஸ்காலப் பைதானா, இல்ல பதவிக்கேத்தாப்போல கேக் கட்டட்டுமா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. லிண்ட்சே விலகின பிறகு, ஊர்க்கூடத்தை விற்பதா வேண்டாமா என்பதில் கவுன்சில் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. அந்தக் காலி நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அதுதான் முடிவு. கூடத்தை விற்று மேலாற்றுப் பக்கம் போகிற கப்பி ரோட்டுக்குத் தார் போடவேண்டும் என்றுதான் லிண்ட்சே நின்றார், விற்கக்கூடாது என்று நான் நின்றேன். வீட்டுத் தரகர் நெவில் ஸ்க்ரிம்ஷா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார், அவரும் விற்கிற கட்சிதான். நான் வேலை பார்க்கிற பள்ளி நூலகத்துக்கே வந்து, மேசையில் சாய்ந்துகொண்டு, "மெரின், அவனவன் ரோடு வேணும்னு லிண்ட்சேக்குப் போட்ட ஓட்டு அது. அதுமேல ஏறி உக்காந்து ரோடு வேண்டாம்னு சொல்லப்போறியா? உனக்கே அடுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆள் எப்படியோ, கேள்வி நியாயமானது. இரண்டு நாளாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் விடிந்ததும் லிண்ட்சேயைப் பார்க்கக் கிளம்பினேன்.

அவர் வீடு அந்த மேலாற்று ரோட்டில்தானே, வாக்குக் கேட்டு அந்தப் பக்கம் நான் போனது வசந்தத்தில். இந்தக் குளிரில் போனால் அது வேறு ரோடு. இரண்டாவது வளைவில் குட்டிக் கங்காரு மாதிரி ஒரு வாலபி குறுக்கே பாய, பிரேக்கைத் தொட்டதுதான் தாமதம், கார் தானாக ஓரத்துக்குப் போய் வேலிக்கம்பியைத் தொட்டு நின்றது. (காருக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை, அப்பாவிடம் சொல்லாதே.) பள்ளிப் பேருந்து இப்போதெல்லாம் பாலத்தோடு திரும்பிவிடுகிறது, அதற்கு மேல் ஓட்டுநர் வரமாட்டாராம். மேலாற்றுப் பிள்ளைகள் அதுவரை நடந்து வந்து பாலத்தடியில் கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்கள். தினமும் நூலகத்துக்குத் தாமதமாக வருகிறார்கள் என்று நான் முகம் சுளிப்பேனே, அந்தப் பிள்ளைகள்தான்.

லிண்ட்சே கம்பளிக்குள் பாதி ஆளாக உட்கார்ந்திருந்தார், குரல் மட்டும் முழுசாக இருந்தது. நெவில் கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன். உங்கள் ஓட்டில் நான் உட்கார்ந்தால் உங்கள் ஆட்களுக்குத் துரோகம் இல்லையா என்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, என் ஓட்டு என் ஓட்டுங்கிறியே, அது என் ஆப்பிளா? எனக்கு ஒண்ணு போட்டவன் கையிலதானே பேனா இருந்தது. ரெண்டு உனக்குப் போட்டவனும் அவன்தான். தூக்கத்துலயா போட்டான்?" என்றார். கால்பந்து கிளப்பில் ரெண்டாவது யாருக்குப் போடலாம் என்று அவரைக் கேட்டார்களாம். "என்னைக் கூட்டத்துல கண்ணசர விடாம கேள்வி கேக்க ஒருத்தி வேணும், மெரின் ஹாலரனுக்குப் போடுங்கடான்னேன். அவ கூடத்தை விக்கவிடமாட்டாளேன்னு ஒருத்தன் கேட்டான். விக்கவிடமாட்டா, ஆனா ரோட்டுக்குக் காசு வேற எங்கேன்னு தேடிக் குடைஞ்சுகிட்டே இருப்பா, நமக்கு விக்கிறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியலையேன்னேன்." எதிர்த்து நின்றபோது ஒரு வார்த்தை இதைப்பற்றி என்னிடம் சொல்லவில்லை பார், அந்த மனிதர். கிளம்பும்போது, "எனக்காகக் கூடத்தை விக்கக் கை தூக்கினியோ, எனக்குத்தான் வெக்கம். ஆனா ரோட்டை மறந்தியோ, டாக்டராவது மண்ணாவது, உன் வாசல்ல வந்து நின்னு கத்துவேன்" என்றார்.

திரும்பி வரும்போது மெதுவாகத்தான் ஓட்டினேன், நிறைய யோசிக்க முடிந்தது. கல்லூரியில் மக்களாட்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. முதல் எண்ணை ஆசையில் போட்டுவிடலாம். இரண்டு என்று எழுத, நம் ஆள் இல்லாமல் போகலாம், அப்போதும் ஊர் நடக்கவேண்டுமே என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவேண்டும். தபாலில் வந்த சீட்டைத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை சமையலறைகளில் எத்தனை பேர் அப்படி நினைத்திருக்கிறார்கள்! யாரும் அவர்களைப் பாராட்டவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. தோற்ற அன்று நான் அழுதபோது இந்த ஊர் என்னை வேண்டாம் என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். அது வேண்டாம் என்பதில்லை, 'கொஞ்சம் பொறு' என்பது.

நம் வீட்டு மேசையில் நீ சீட்டு எழுதியது ஞாபகம் வருகிறது. கணக்குப் பரீட்சை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டாய். அப்பா கழுத்தை நீட்டினதற்கு, "ரகசிய ஓட்டுப்பா, போய் விறகு வெட்டுங்க" என்று விரட்டினாய். கூடத்தின் கூரை ஒழுகுகிறது, விற்றுவிட்டால்தான் என்ன என்று அதற்கு முந்தின வாரம்தான் என்னோடு சண்டை போட்டிருந்தாய். ஆகவே லிண்ட்சேக்கு ஒன்று போட்ட சீட்டுகளில் உன்னுடையதும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைதான். பதில் எழுதும்போது அதை மட்டும் சொல்லிவிடாதே, நான் கேட்கவும் மாட்டேன்.

நீ வேலை பார்க்கிற மீன் பண்ணையில் படகேறும்போது உள்துணி வைத்த கையுறையைப் போட்டுக்கொள், சும்மா பையில் வைத்திருக்காதே. பல்வலிக்கு டாக்டரிடம் போனாயா என்று அப்பா இரண்டு முறை கேட்டார். போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களே வாய்க்கட்டும், உடம்பும் மனமும் திடமாக இருக்கட்டும். எங்கள் நினைப்பு எப்போதும் உன்னைச் சுற்றித்தான்.

இன்னும் ஒன்று. அப்பாவுக்கே தெரியாது, உனக்குத்தான் முதலில். நாளைக்குப் பெயரைக் கொடுக்கப்போகிறேன். எண்ணிப் பார்த்து நெவில்தான் என்றால் கை கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நான்தான் என்றால், கூடத்தை விற்கக் கை தூக்கமாட்டேன். ஆனால் முதல் கூட்டத்தில் நான் எழுந்து பேசப்போவது கூடத்தைப் பற்றி அல்ல, அந்தப் பாலத்தடியில் நிற்கிற பிள்ளைகளைப் பற்றி.

பாசத்துடன்,
உன் அம்மா,
மெரின்