குன்னூர் இறக்கத்துக்குக் கயிறு போதாது

தங்கச்சி தேசம்மாவுக்கு, குன்னூரிலிருந்து அண்ணன் லாசர் சொல்லச் சொல்ல எழுதியது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி?

உப்பு எடுத்து ஊரே ஜெயிலுக்குப் போகும் இந்த வருஷத்தில், எங்கள் துரை சக்கரம் வைத்த வீடு வாங்கியிருக்கிறார். லாரிக்குப் பின்னால் கட்டி மலையிறக்க வேண்டுமாம். இரும்புத் தண்டு மாட்டச் சொல்லி மூன்று நாளாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன். ராயப்பேட்டை டிரைவர் கேட்டால்தானே.

“யானையக் கட்டுனாலும் இந்தக் கவுறு அறுவாது, நைனா.”

“இஸ்துகினு போவும்டா. எறக்கத்துல பின்னாடி ஓடியாறத நிறுத்துமா?”

சிரிக்கிறான். துரை சாட்சி கேட்கிறார். எம்டன் குண்டு போட்ட வருஷம், அடையாறு பாலத்து இறக்கத்தில், கயிறு கட்டி இழுத்த, கட்டுமரம் ஏற்றிய வண்டி ஓடி வந்து முன்வண்டியையும் மாட்டையும் சாய்த்ததே, அதை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்து உடனே அனுப்பு. கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வை.

வெள்ளிக்கிழமை புறப்பாடு. பயப்படாதே, துரை பிள்ளைகளோடு எனக்கும் அந்தச் சக்கர வீட்டுக்குள்தான் இடம். அங்கமுத்துவும் குப்பம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்தவர்களில் என்னைத் தவிர மிச்சம் நீ ஒருத்திதான், தேசம்மா.