மாமியாரின் ஒரு பிடி

21 நவம்பர் 1958, வெள்ளி

பிள்ளை பெற்று வந்திருக்கும் நாத்தனார் ஜமீலாவுக்கு லேகியம் கிண்டினேன். காலமான மாமியார் எழுதிவைத்த சமையல் புத்தகத்தில், சுக்குத்தூள் ஒரு பிடி என்றிருந்தது. போட்டேன். ஜமீலாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மதினி, அம்மா பிடிக்கு இம்புட்டு எரியாது. அவுக கை சின்னது."

யாருடைய பிடி என்று எழுதியிருக்கக் கூடாதா?

மாமியாரின் வளையலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். என் விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. ஜமீலாவின் கையில் சுலபமாக ஏறியது.

மறுபடி கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சுக்குத்தூள் டப்பாவை அவளிடமே நீட்டினேன். ஒரு பிடி அள்ளினாள். பாகுச் சட்டியைக் காட்டினேன். கையைத் திறக்காமல், மூடிய அந்தக் கையையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாகு இறுகிவிட்டது. நாளை மறுபடி காய்ச்ச வேண்டும்.