சீனி என்ன சொல்லுது?

7-7-2025, திங்கள்

நான் சொன்னேன். நர்கிஸ் ஷார்ஜாவுக்கு டிக்கெட் போட்ட அன்றைக்கே சொன்னேன், அந்தப் பிராணி கடைசியில் என் வீட்டுக்குத்தான் வந்து சேரும் என்று. வந்துவிட்டது.

அக்காள் மகள், புருஷனோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரப் போகிறாள். நடுவீட்டில் இப்போது ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு துணிப்பை, பைக்குள் சீனி. சுகர் கிளைடராம். உடம்பு அணில், முழி தேவாங்கு. கைக்கும் காலுக்கும் நடுவில் தோல். அதை விரித்தால் பீரோவிலிருந்து கட்டிலுக்குப் பறக்கும். ஜோடியாகத்தான் வாங்கினாள், ஆண் போன மாதம் செத்துவிட்டது.

பந்தல்குடியில் இவள் சிநேகிதி சத்யபிரியா இதே ஜாதியில் மூன்று வளர்க்கிறாள். அவளிடம் விடவா, என்னிடம் விடவா என்று நர்கிஸ் யோசித்தாள். விடுவேனா? "முப்பது வருசமா ஆட்டு யாவாரம் பாக்குறேன். ஒரு ஆடு கத்துனா அது பிறந்த ஊரையே சொல்லுவேன். வாயில்லா ஜீவன் பாசை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி அப்ரோஸ், "ஒங்க மாமாவுக்கு எல்லாப் பாசையும் தெரியும்டி. நான் பேசுறது மட்டுந்தேன் வெளங்காது" என்றாள்.

8-7, செவ்வாய்

பைக்குள் கையை விட்டேன். செல்ப் எடுக்காத லோடு ஆட்டோ மாதிரி ஒரு சத்தம், கர்ர் கர்ர் கர்ர். கைப்பிடியளவு உடம்புக்குள் இத்தனை பெரிய எஞ்சினா! சலாம் சொல்கிறது என்று நர்கிஸுக்கு வாய்ஸ் போட்டேன். "பயந்துருக்கு மாமா. மொதல்ல கைய எடுங்க" என்று பதில் வந்தது. அதற்குள் கடித்துவிட்டது.

சந்தையில் கோட்டைச்சாமி விரலில் போட்ட கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டான். கீரிப்பிள்ளை என்றேன். இரண்டு கீரிப்பிள்ளை.

10-7, வியாழன்

த்ஸ், த்ஸ் என்று ஓயாத தும்மல். சளிதான். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்க வெந்நீர் வைத்தேன். எதற்கும் நர்கிஸிடம் ஒரு வார்த்தை கேட்டால், அது குளிக்கிறதாம்! உள்ளங்கையில் எச்சிலைத் துப்பி மூஞ்சியைத் துடைக்கிற சத்தமாம். அப்ரோஸ் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. "அதுவாச்சும் தெனம் குளிக்குது" என்றாள். அந்த நொச்சித் தண்ணீரில் நானே ஆவி பிடித்துக்கொண்டேன். வீணாகக்கூடாது அல்லவா?

12-7, சனி

சாயங்காலம் மஃரிபு தொழுதுவிட்டு வருகிறேன், புதுச் சத்தம். நாய்க்குட்டி மாதிரி யாக்... யாக்... கத்திவிட்டு நிறுத்துகிறது. காதைத் திருப்பிக் கேட்கிறது. மறுபடி யாக்.

ஆப்பிள் கொடுத்தேன். தேன் கொடுத்தேன். அவித்த முட்டை கொடுத்தேன். ஒன்றும் வேண்டாமாம். என்னத்தைத்தான் கேக்குற, சொல்லித் தொலையேன்!

"யாரையோ கூப்புடுது" என்றாள் அப்ரோஸ்.

"ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

சந்தையில் பிடித்து வந்த ஆடு மந்தையைத் தேடி மூன்று நாள் கத்தும். நாலாம் நாள் வாயை மூடிக்கொள்ளும். "அடங்கிருச்சு, இனி இது ஒங்க ஆடு" என்று வாங்கினவனிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். முப்பது வருடத்தில் ஒருமுறையும் தப்பியதில்லை.

15-7, செவ்வாய்

நாலாம் நாளும் கத்துகிறது. ஆட்டைவிட மோசமான பிடிவாதம்.

17-7, வியாழன்

கத்தலை நர்கிஸும் போனில் கேட்டுவிட்டாள். செத்த ஜோடியைக் கூப்பிடுகிறதாம். தனியாக இருந்தால் இந்த ஜாதி ஏங்கிப்போகுமாம். சத்யபிரியா ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவாளாம்.

நான் விற்ற ஆடு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. என்னிடம் கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறார்கள். ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும், அப்ரோஸ் என்ன பேசுவாள்?

18-7, வெள்ளி

அடங்கிவிட்டது! நேற்று ராத்திரி முழுக்க ஒரு சத்தம் இல்லை. ஏழு நாள் ஆனாலும் என் கணக்குத் தப்பவில்லை.

19-7, சனி

சீனி இன்று என் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்து, குர்ர்ர் என்று கொஞ்சியது. கால் மணி நேரம். இல்லை, அரை மணி இருக்கும். அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்து நர்கிஸுக்கு அனுப்பினேன். பிள்ளை அழுதுவிட்டது. "எங்கிட்டயே ஒரே தடவதான் மாமா இப்படிக் கொஞ்சுச்சு. பிரியாவ வர வேணாம்னு சொல்லிர்றேன். அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்ரோஸிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

25-7, வெள்ளி

சீனியின் வாலில் ஒரு இடத்தில் முடியைக் காணோம். வெயிலுக்கு உதிர்வதுதான். ஆடு உதிர்ப்பதில்லையா?

28-7, திங்கள்

வெயிலால் உதிரவில்லை. அதுவே கடிக்கிறது. தன் வாலைத் தானே. பைக்குள் ரத்தம் இருந்ததை அப்ரோஸ்தான் முதலில் பார்த்தாள். "சத்தம் போடாம இருந்தா சந்தோசமா இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நான்கூட ஒங்ககிட்ட ஒரு வருசம் பேசாம இருந்தேன்" என்றாள்.

அது எந்த வருடம்? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை.

29-7, செவ்வாய்

பையைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டுக்கொண்டு பந்தல்குடி பஸ் ஏறினேன். வழியெல்லாம் அது அசையவில்லை. கர்ர் என்றாவது ஒருவாட்டி சொல்லேன் சனியனே, கடியேன்!

சத்யபிரியா புண்ணைத் துடைத்தாள். மதுரை டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு மருந்து தடவினாள். அவள் மூஞ்சி வாடிவிட்டது.

"கூப்புட்டுப் பாத்து யாரும் வரலன்னா, கூப்புடுறத விட்ரும் மாமா. அதுக்கப்புறம் இப்படித்தான் தன்னையே கடிக்கும். விட்டா செத்துரும்."

"அப்ப நீயே வெச்சுக்கம்மா."

"அதுலதான் குழப்பமா இருக்கு. நர்கிஸ் அந்த ஆடியோவ அனுப்புனா. அம்புட்டு கொஞ்சுதுன்னா ஒங்ககிட்ட நல்லா ஒட்டிருச்சு. ஒட்டுன ஆள விட்டுப் பிரிச்சோம்னா இன்னும் கூடத்தான் கடிக்கும். பத்து நாள் நெஞ்சோட வெச்சுக்கங்க, பாப்போம்."

எட்டு வரை படித்தவன் நான். நான் சொன்னதை, படித்த பிள்ளை அப்படியே நம்புகிறது. பையைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தேன்.

30-7, புதன்

நெஞ்சோடு வைத்திருந்தேன். சட்டையெல்லாம் ரத்தம்.

2-8, சனி

சீனி நேற்றுக் காலையிலிருந்து பந்தல்குடியில் இருக்கிறது. எடுத்ததும் மற்றதுகளோடு சேர்த்து விடக்கூடாதாம். கூண்டுக்குப் பக்கத்தில் கூண்டு வைத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் ஒரே ஒருமுறை யாக் என்றதாம். அந்தப் பக்கத்திலிருந்து மூன்றும் பதில் கொடுத்ததாம். இன்று கொஞ்சம் தேன் நக்கியதாம். வால் பாதி போனது போனதுதான். நர்கிஸிடம் இன்னும் பேசவில்லை. பேச வேண்டும்.

சத்யபிரியா எப்படிச் சம்மதித்தாள் என்று அப்ரோஸ் கேட்டாள். என் பேச்சுத் திறமை என்றேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முந்தாநாள் போன் போட்டேன். "அந்த ஆடியோ இருக்குல்லம்மா" என்று தொடங்கினேன். சீனி என் நெஞ்சில் ஏறியதும் இல்லை, கொஞ்சியதும் இல்லை. அதைச் சொல்ல வாய் வராமல், போனை வாயோடு ஒட்டி வைத்து, பத்தொன்பதாம் தேதி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட அதே குர்ர்ரைப் போட்டேன்.

இன்னொரு தடவை போடச் சொன்னாள், போட்டேன். பிறகு, "விடிஞ்சதும் கொண்டு வாங்க மாமா" என்றாள்.