கையெழுத்துக்கு முன்

திண்டிவனம், 1941, புரட்டாசி, செவ்வாய்.

டாக்டரான என் மகள் கமலாவைப் பார்க்க இன்று பட்டணத்திலிருந்து இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு வந்தார். நோயாளி வழக்குப் போட்டால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்குமாம். ஆனால் நோயாளியிடம் அவள் தன் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாதாம்.

பாலிசியில் கையெழுத்திட அவள் பேனாவை எடுத்தபோது மயிலத்து முனுசாமி வந்தார். கமலா ஊசி போட்டதிலிருந்து அவர் வலக்கை துவண்டு தொங்குகிறது.

"களி உருண்டைகூட புடிக்க முடியலம்மா. என் தலவிதி."

"விதியில்லீங்க. நான்தான் எடம் தப்பி ஊசி போட்டுட்டேன்."

ஏஜெண்டு பதறினார். "இன்னாம்மா இது பேஜாரு! இந்தக் கேஸுக்குக் கம்பெனி பொறுப்பில்லீங்க!"

"தெரியும். அதான் கையெழுத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்." பிறகு கையெழுத்திட்டாள்.

முனுசாமி தன் கையையே பார்த்தார். "அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்க. கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கணும்."

பயிரைக் காக்க மாட்டுக்கு வாய்க்கூடை கட்டுகிறோம். கமலாவுக்கும் காப்பு வேண்டியதுதான். ஆனால் இனி எப்போதாவது கை தவறினால் வாயைத் திறப்பாளா?

கேட்டுவிட எழுந்தேன். கூடத்தில் முனுசாமியின் கைக்கு வைத்துக் கட்ட மூங்கில் பட்டை சீவிக்கொண்டிருந்தாள். கேட்காமல் திரும்பிவிட்டேன்.